வார்னிஷ் காயும் வரை

நகரத்தின் நடுவில் நின்றிருந்த தலைமைக் கிளைக் கட்டடத்தை இடித்து முடித்த பிறகுதான், அதற்கு ஒரு வரலாறு இருந்தது என்று வங்கிக்கு ஞாபகம் வந்தது. நின்றிருந்த காலத்தில் கூரை ஒழுகுகிறது, கழிப்பறைக் கதவு சாத்த வரவில்லை, புறாக்கள் கோப்புகளின் மேல் குடும்பம் நடத்துகின்றன என்று புகார் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம், கடைசித் தூண் விழுந்ததும் அது கோயிலாகிவிட்டது. பள்ளத்தில் கண்ணாடிக் கோபுரம் எழும்பும் வரை எதிர்வரிசையில் ஒரு வாடகைக் கூடத்தில் வங்கி நடக்கும். அந்தக் கூடத்தின் முகப்பில் ‘வரலாற்றுச் சுவர்’ ஒன்று வைப்பதாகத் தலைவர் அறிவித்தார்.

எழுதும் வேலை என்னிடம் வந்தது. பத்திரிகையில் ஊரைக் கிண்டல் செய்கிறவனிடம் இதை ஏன் கொடுத்தார்கள் என்று நானே யோசித்தேன்.

“வேற யாரும் சிக்கியிருக்க மாட்டாங்க” என்றாள் மனைவி.

மக்கள் தொடர்பு அதிகாரி ஒரு மாதிரி வாசகத்தையும் அனுப்பியிருந்தார். தலைப்பு: ‘காலத்தை வென்ற கட்டடம்’. காலத்தை வென்றதை இரண்டு மண்வாரி இயந்திரங்கள் வென்றுவிட்டனவே, அதை எந்தப் பத்தியில் சேர்க்கலாம் என்று போனில் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. “நல்ல பாயிண்ட் சார்” என்று குறித்துக்கொண்டார்.

அந்த வாசகத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். திரும்பி வந்தபோது என் மாமனார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்துக்கொண்டிருந்தார். மாமியார் போன பிறகு அவர் எங்களோடுதான் இருக்கிறார். அந்த வங்கியில் வேலைக்குச் சேர்ந்து அந்த வங்கியிலேயே ஓய்வு பெற்றவர். காகிதம் எதுவானாலும் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை படிக்காமல் கீழே வைக்க மாட்டார். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துச் சீட்டைக்கூட.

“மாப்பிள்ளை, இங்க வாங்க. இதைப் படிங்க.”

அவர் விரல் வைத்த இடத்தில் இப்படி இருந்தது: ‘வங்கியின் நீண்ட வரலாற்றில் ஸ்ட்ராங் ரூம் தாமதமாகத் திறக்கப்பட்டது ஒரே ஒரு நாள்தான், அதுவும் ஓர் ஊழியரின் அலட்சியத்தால்.’

“அந்த ஊழியர் நான்தான்” என்றார்.

எனக்குக் கதை அரைகுறையாகத் தெரியும். வங்கியில் அவருக்குப் பட்டப்பெயர் ‘வார்னிஷ்’. கல்யாணத்துக்கு வந்திருந்த அவருடைய சகாக்கள், “வார்னிஷ் மாப்பிள்ளையைப் பிடிச்சுட்டார்யா, இனி ஒட்டிக்கிட்டா விடாது” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் மனைவி பேச்சை மாற்றுவாள். அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னார்.

ஸ்ட்ராங் ரூம் என்பது பணமும் நகையும் வைக்கும் இரும்புக் கதவு அறை. மாடியில் நட்டநடுவில் இருந்தது. கதவுக்கு இரண்டு சாவி. இரண்டு பேர் ஒரே சமயத்தில் போட்டால்தான் திறக்கும். இது எந்த வங்கியிலும் உள்ள வழக்கம். இந்த வங்கியில் மட்டும் கூடுதலாக ஒன்று: கீழே கூடத்தின் இரண்டு கோடியிலும் இரண்டு மரப்படிக்கட்டுகள். இடது சாவிக்காரர் இடது படியில்தான் ஏற வேண்டும், வலது சாவிக்காரர் வலது படியில்தான். இரண்டு சாவியும் ஒரே படியில் கால் வைக்கக் கூடாது.

மாமனார் இடது சாவி. அப்போதைய வங்கித் தலைவர் பார்வையிட வருகிறார் என்று மேனேஜர் முந்தின நாள் சாயங்காலம் படிகளுக்கு வார்னிஷ் அடிக்கச் சொல்லிவிட்டார். இடது படியை முடித்து வலது படிக்கு வருவதற்குள் டப்பா தீர்ந்துவிட்டது. மறுநாள் மழை மூட்டம். வார்னிஷ் காயவில்லை. ‘ஈரம், ஏறாதீர்’ என்று அட்டை தொங்கியது. மேனேஜர், தலைவர், போட்டோகிராபர் எல்லோரும் வலது படியில் ஏறி மாடிக்குப் போய்விட்டார்கள். வலது சாவிக்காரரும் போய் நின்றாயிற்று. மாமனார் மட்டும் சாவியோடு இடது படிக்குக் கீழே நின்றார்.

“மத்தியானம் வரைக்கும் நின்னேன்” என்றார். “காய வேண்டாமா?”

“வலது படியில ஏறியிருக்கலாமே மாமா?”

என்னை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, வங்கிக் கொள்ளைக்குக் கூட்டுச் சேரக் கூப்பிட்டதுபோல இருந்தது.

“விதி இருக்கு மாப்பிள்ளை.”

கீழே கூட்டம் சேர்ந்துவிட்டதாம். கவுண்டரில் பணம் இல்லை. ஒரு வாடிக்கையாளர் வந்து, “சார், நீங்க ஏறப் போறீங்களா, இப்பத்தான் இறங்கினீங்களா?” என்று கேட்டிருக்கிறார். கடைசியில் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து ஏறினார். மேலே ஏழெட்டுப் படி இன்னும் காயவில்லை. ஒரு ஷூ அங்கேயே தங்கிவிட்டது. தலைவரோடு எடுத்த படத்தில் மாமனார் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் காலுறையுமாக நிற்கிறார். விசாரணை நடந்தது. ‘அலட்சியம்’ என்று முடிவு. மாடியே இல்லாத ஒரு கிளைக்கு மாற்றினார்கள்.

“என்னை முட்டாள்னு எழுதட்டும், பரவாயில்ல. பிடிவாதக்காரன்னு எழுதட்டும். அலட்சியம்னு மட்டும் எழுதக் கூடாது” என்றார். “என் வேலையில நான் ஒரு நாள்கூட அலட்சியமா இருந்ததில்ல. அதைச் சுவர்ல பொறிச்சு வெச்சா, லிஃப்டுக்கு நிக்கறவன்லாம் படிப்பான்.”

அங்கே லிஃப்ட் இல்லை என்று நான் சொல்லவில்லை.

*

வாடகைக் கூடத்துக்குப் போய் மக்கள் தொடர்பு அதிகாரியைப் பார்த்தேன். இளைஞர். பாரம்பரியம் என்று வாயில் வராது, எதையும் ‘லெகசி’ என்றுதான் சொல்வார். காபி கொண்டுவந்த கோப்பையைக்கூட லெகசி கோப்பை என்றார்.

“அப்படி ஒரு விதியே இல்ல சார்” என்றார். “எங்க கையேடு எல்லாத்தையும் பார்த்துட்டேன். ரெண்டு சாவின்னு இருக்கு. ரெண்டு படின்னு எங்கயும் இல்ல. படிக்கட்டு ரெண்டும் அழகுக்காக.”

“அழகுக்கா?”

“சமச்சீர் அழகு. அந்தக் காலத்து அரண்மனை பாணி. நிறுவனர்களோட கலை உணர்ச்சி.”

எனக்கு அங்கேதான் அரிப்பு தொடங்கியது. நிறுவனர்கள் அண்ணன் தம்பி இருவர். பருத்தி வியாபாரிகள். அவர்கள் கட்டிய கிடங்குகளை நான் பார்த்திருக்கிறேன். ஜன்னல் வைக்கக்கூட மனம் வராமல் கட்டியவை. அப்படிப்பட்டவர்கள் அழகுக்காக ஒரு படிக்கட்டைக் கூடுதலாகக் கட்டினார்கள் என்றால், ஒன்று அவர்களுக்குப் புத்தி பிசகியிருக்க வேண்டும், இல்லை வேறு ஏதோ இருக்க வேண்டும்.

அதிகாரியின் மேஜையில் அவர்களுடைய படம் இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த தோரணை. வங்கியின் எல்லாக் காலண்டர்களிலும் வந்த படம். கொஞ்ச நேரம் பார்த்தேன். அண்ணனுடைய மூக்கின் நிழல் ஒரு கன்னத்தில் விழுந்திருந்தது. தம்பியுடைய நிழல் எதிர்க் கன்னத்தில். ஒரே அறையில் உட்கார்ந்த இரண்டு பேருக்கு இரண்டு சூரியனா? தோளோடு தோள் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு வேறு.

“இது ரெண்டு படத்தை ஒட்டினதா?” என்று கேட்டேன்.

“இருக்காது சார். லெகசி படம்.”

வெளியே வந்து தெருவைக் கடந்து பள்ளத்தருகே போனேன். இடிப்பு ஒப்பந்தக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் துண்டு, கையில் இரண்டு போன். இந்த நகரத்தில் நிற்கும் எல்லாக் கட்டடமும் தன் கைக்குக் காத்திருக்கிறது என்கிற மிதப்பு அவர் பேச்சில் இருந்தது.

“அந்தக் கட்டடமா? அது ஒரு கட்டடமே இல்லண்ணே” என்றார்.

“பின்ன?”

“ரெண்டு கட்டடம். பக்கத்துல பக்கத்துல ஒட்ட வெச்சது. மேல போனா எல்லாம் ரெண்டு ரெண்டு. ரெண்டு சாப்பாட்டு ரூம், ரெண்டு பால்கனி, ரெண்டு கக்கூஸ். கொல்லைப்பக்க வாசலும் ரெண்டு. அந்த இரும்பு ரூம் மட்டும்தான் ஒண்ணு. மாடித் தரையைப் பேத்தா, அந்த இரும்புக் கதவுக்கு எதிர்ல குறுக்குச் சுவர் இருந்த தடம் தெரியுது. கதவு திறக்கற அளவுக்கு மட்டும் இடம் விட்டு நின்னிருக்கு. பின்னாடி யாரோ இடிச்சிருக்காங்க. நான் இல்ல.”

“எதுக்கு அப்படி ஒரு சுவர்?”

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க இல்லையா?”

“ஒரே ஒரு தங்கச்சி.”

“அதான் புரியல. நான் இடிச்சதுல பாதி வீடு இப்படித்தான். ஒரு சமையல்கட்டை ரெண்டாக்கி, ஒரு கிணத்துக்கு ரெண்டு உருளை போட்டு. மூஞ்சில முழிக்கப் பிடிக்காது, ஆனா சொத்தை விட்டுட்டுப் போகவும் மனசு வராது. இவங்களும் பங்காளிங்கதானே? பேங்க் வெச்சா மட்டும் ரத்தம் மாறிடுமா?”

நான் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. கலை உணர்ச்சி எதுவும் மிதக்கவில்லை.

*

அவர் சொன்னது ஊகம்தான். அவருக்கு எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் பங்காளிச் சண்டை தெரியும் போலிருக்கிறது. தெரிந்து சொல்லக்கூடியவர் ஒருவர்தான் உயிரோடு இருந்தார்: வலது சாவி.

அந்த அம்மாள் நகரத்தின் மறுகோடியில் மகளோடு இருந்தார். வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். நான் யாருடைய மருமகன் என்று சொன்னதும் கதவை முழுசாகத் திறக்காமல் நின்றார்.

“வார்னிஷ் அனுப்பிச்சாரா?”

“இல்லம்மா. நான் வர்றதே அவருக்குத் தெரியாது.”

“அப்ப உள்ள வாங்க தம்பி.”

நான் விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் தம்பி என்ற வார்த்தையை எடுத்ததுமே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அது எனக்கு அப்பவே தெரியும். தம்பியோட மகன், சின்ன முதலாளின்னு சொல்லுவோம், அவர்தான் என் கையில சாவியைக் குடுத்தார். குடுக்கும்போது, ‘எங்கப்பா பெரியப்பா முகத்தைப் பார்க்கக் கூடாதுன்னு கட்டின படிம்மா இது, பார்த்து ஏறு’ன்னார். பேங்க் ஆரம்பிச்ச வருஷமே ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னு போச்சாம். எதுக்குன்னு கேக்கறீங்களா? பேங்குக்கு யார் பேரை முதல்ல போடறதுன்னு. சாகற வரைக்கும் ஆளுக்கொரு படி, ஆளுக்கொரு சாவி, நடுவுல சுவர். அவங்க போனப்புறம் குமாஸ்தாக்கள் அதே மாதிரி ஏறினாங்க. அவங்களுக்கப்புறம் வந்தவங்களுக்கு, ‘இது பாதுகாப்பு ஏற்பாடு’ன்னு யாரோ சொல்லிக் குடுத்துட்டாங்க. அவ்வளவுதான்.”

“அன்னிக்கு இதை மாமாகிட்டச் சொல்லலையா?”

“சொல்லலையா!” அந்த அம்மாள் எழுந்தே விட்டார். “மாடிக் கைப்பிடியில குனிஞ்சு நின்னு கத்தினேன் தம்பி. ‘சார், அது விதி இல்ல, அண்ணன் தம்பி சண்டை, பேசாம இந்தப் பக்கம் ஏறி வாங்க’ன்னு. கூடம் பூரா கேட்டுது. உங்க மாமனார் நிமிர்ந்து பார்த்து என்ன சொன்னார் தெரியுமா? ‘மேடம், எழுத்துல குடுங்க’ன்னார். நான் மேனேஜரைப் பார்த்தேன். எழுதிக் குடுத்தா, தலைவர் வர்றதுக்கு முந்தின சாயங்காலம் வார்னிஷ் அடிக்கச் சொன்னது தான்தான்னு அதுலயே வந்துடும்னு மேனேஜர் கூரையைப் பார்த்தார். தலைவர் மேனேஜரைப் பார்த்தார். மத்தியானம் வரைக்கும் இப்படியே ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு நின்னோம். விசாரணையில என்னைப் பத்திக் கேட்டப்ப, ‘அவங்க வாய்மொழியா விளையாட்டுப் பேச்சுப் பேசினாங்க’ன்னு பதில் சொன்னார் மனுஷன். விளையாட்டாம்! அதுக்கப்புறம் நான் அவர்கிட்டப் பேசறதில்ல.”

பேசாமலிருக்க இவர்களுக்கு ஒரு சுவர்கூடத் தேவைப்படவில்லை.

*

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அதிகாரி போன் செய்தார். நான் கேட்டுவிட்டுப் போனதை அவர் தலைவர் காதில் போட்டிருக்கிறார். தலைவர் துள்ளிக் குதித்தாராம்.

“ரெண்டு சாவி, ரெண்டு படி! பிரமாதமான பாதுகாப்பு ஏற்பாடு சார். நிறுவனர்களோட தொலைநோக்கு! உங்க மாமனார் அதுக்காகவே நின்னவர். ‘கடமையின் காவலர்’னு தனிப் பத்தி போடறோம். அந்த ஷூ போட்டோவைப் பெரிசா வைக்கிறோம். திறப்பு விழாவுல அவரை மேடை ஏத்தறோம்.”

“கையேட்டுல அப்படி விதியே இல்லன்னீங்க?”

“இல்லாத விதியை ஒருத்தர் இவ்வளவு தூரம் மதிப்பாரா சார்? இருந்திருக்கும்.”

மனைவியிடம் சமையலறையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“இங்க பாருங்க. அப்பாவுக்கு இப்பத்தான் ஒரு நல்ல பேர் வருது. அண்ணனாவது தம்பியாவது, நீங்க வாயைத் திறக்கக் கூடாது. ஊர்ல இருக்கற பொய்யெல்லாம் விட்டுட்டு எங்கப்பாவுக்கு வர்ற பொய்தான் உங்க கண்ணுல படுதா?”

நியாயமான கேள்வி. நான் வாயைத் திறக்கவில்லை. மாமனாரிடம், “அலட்சியம்கிறதை எடுத்துடுவாங்க மாமா, பாராட்டி எழுதறாங்க” என்று மட்டும் சொன்னேன். அவர் ஒரு தடவை தலையாட்டினார். பிறகு ஷூவுக்குப் பாலிஷ் போட உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் எங்கேயும் போவதாக இல்லை.

மறுநாள் காலை வலது சாவி எங்கள் வீட்டு வாசலில் நின்றார். பழசைக் கிளறிவிட்டு வந்தது நான்தான். யாரைக் குறை சொல்ல?

மாமனார் எழுந்து நின்றார். “வாங்க மேடம்.”

“உக்காருங்க சார். நின்னதெல்லாம் போதும்.”

மனைவி காபி போடும் சாக்கில் என்னைச் சமையலறைக்குள் இழுத்து, “கூட்டிட்டு வந்தது நீங்கதானே?” என்று பல்லைக் கடித்தாள். அதற்குள் அந்த அம்மாள் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாயிற்று. சின்ன முதலாளி சொன்னது, பெயர்ச் சண்டை, நடுச்சுவர்.

மாமனார் விசாரணை அதிகாரி மாதிரி கேட்டார். “சின்ன முதலாளி சொல்லும்போது கூட யார் இருந்தாங்க?” “யாருமில்ல.” “தமாஷுக்குச் சொல்லியிருக்கலாம் இல்லையா?” “சொந்த அப்பாவைப் பத்தி யார் சார் அப்படித் தமாஷ் பண்ணுவாங்க?” மாமனார் என் பக்கம் திரும்பினார். குறுக்குச் சுவரின் தடத்தை நான் சொன்னேன். இரண்டு சூரியனையும் சொன்னேன். மனைவி என்னைப் பார்க்கவே இல்லை.

அவள் கொண்டுவந்து வைத்த காபியை மாமனார் தள்ளி வைத்தார்.

“நீங்க மேலருந்து கத்தினது எனக்குக் கேட்டுது மேடம்” என்றார். “ஒரு வார்த்தை விடாம கேட்டுது. இப்படி ஒரு கட்டடத்தை யாராவது கோவத்துல கட்டுவாங்களான்னுதான் தோணுச்சு. அவ்வளவு பெரிய தூணெல்லாம் வெச்சு.”

“கோவம்னாத்தான் சார் பெரிசா கட்டுவாங்க.”

“விளையாட்டுன்னு சொன்னதுக்கு மன்னிச்சுடுங்க.”

அந்த அம்மாள் அவருடைய காபியை அவர் பக்கம் நகர்த்தினார்.

பிறகு மாமனார் என்னிடம், “மாப்பிள்ளை, அந்தப் பையனுக்குப் போன் போடுங்க” என்றார்.

“அப்பா, வேண்டாம்ப்பா” என்றாள் மனைவி. “உங்களுக்கு மேடை, மரியாதை எல்லாம் வருது. யாருக்கு நஷ்டம்?”

“விதி இல்லாதப்ப விதியைக் காப்பாத்தினேன்னு எழுதினா அதுவும் தப்புதானே? அவங்க தப்பை எடுக்கச் சொல்லிட்டு என் தப்பை வைக்கச் சொல்ல முடியுமா?” போனை வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு வார்த்தையையும் எண்ணி வைப்பதுபோலப் பேசினார். “தம்பி, ரெண்டு விஷயம். அலட்சியம்கிறதை எடுங்க. விதிங்கிறதையும் எடுங்க. படி ஈரமா இருந்துது, அதனால தாமதம். அதுதான் நடந்தது. ஆமா, அவ்வளவுதான். மேடைக்கு நான் வரலை... இல்லப்பா, கோவமெல்லாம் இல்ல. அந்தப் படிக்கட்டு அண்ணன் தம்பி பேசாம போனதுக்குக் கட்டினது. வேணும்னா அதைப் போட்டுக்கங்க. அது நல்லாருக்கு.”

*

சுவர்த் திறப்பு முடிந்து, கூட்டம் கலைந்த ஒரு நாளில் நாங்கள் போய்ப் பார்த்தோம். மாமனார், மனைவி, நான். வலது சாவியும் பேருந்து பிடித்து வந்திருந்தார். நான் எழுதியதில் முற்றுப்புள்ளிகளைத் தவிர வேறெதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சுவரின் மேல் மூலையிலிருந்து படிக்க ஆரம்பித்தார். தங்க எழுத்து. அருகில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் மனைவி. வரி வரியாக இறங்கினார். கடைசி வரிக்குக் குனிந்து, முட்டியில் கை வைத்துப் படித்தார். நிமிர்ந்தார்.

“இல்ல” என்றார். “அலட்சியம் எங்கயும் இல்ல.”

தாமதமே இல்லை. ஈரம் இல்லை. ஊழியர் யாரும் இல்லை. ஸ்ட்ராங் ரூம் பிறந்ததிலிருந்து தானாகவே திறந்து தானாகவே சாத்திக்கொண்டதுபோல எழுதியிருந்தார்கள். மாமனார் நீளமாக மூச்சு விட்டார். மனைவியின் கை அவர் முதுகில் இருந்தது.

“சார், இதைப் படிச்சீங்களா?” என்று வலது சாவி நடுப்பகுதியைக் காட்டினார். அங்கே அந்த ஒட்டுப்படம் ஆள் உயரத்துக்கு இருந்தது. கீழே: ‘இணைபிரியாச் சகோதரர்களான நிறுவனர்கள், தங்கள் ஒற்றுமையின் சின்னமாக இந்த இரட்டைப் படிக்கட்டுகளை எழுப்பினர்.’

‘அலட்சியம்’ என்ற ஒரே சொல்லைத் தேடிக்கொண்டிருந்ததில் மாமனாருக்கு இதன் அர்த்தம் ஏறவில்லை போலிருக்கிறது. இப்போது படித்தார். இன்னொரு தடவை படித்தார். தோள்கள் குலுங்கின. நான் பயந்து அருகே போனேன். சிரிக்கிறார். இத்தனை வருஷத்தில் அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த அம்மாளும் சேர்ந்துகொண்டார். கூடமே திரும்பிப் பார்த்தது.

காவலாளி ஓடி வந்தான். “சார், இங்க சத்தமா சிரிக்கக் கூடாது.”

மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “யாருப்பா சொன்னது?”

அவன் உண்மையாகவே யோசித்தான். “தெரியல சார். நான் வேலைக்கு வந்தப்பவே அப்படித்தான்.”

“சார், அவனை விடுங்க, சிரிங்க” என்றார் வலது சாவி.

மாமனார் உதட்டை அழுத்திக்கொண்டு, முகம் சிவந்து, கண்ணாடிக் கதவை நோக்கி வேகமாக நடந்தார். மனைவி பின்னாலேயே ஓடினாள். கதவு அவர்களுக்குப் பின்னால் சாத்திக்கொண்ட பிறகு, தெருவிலிருந்து அந்தச் சிரிப்பு மறுபடி கேட்டது.